‘எதிர்பாராத விதமாக’ மோதிய கார்: தற்காப்பு ஓட்டம் என்பது என்ன கணக்கு?

வேலூர்ப் பதிப்பு நாளிதழ்களில் சாலை விபத்துச் செய்தி இல்லாத நாள் குறைவு. இடம் மட்டும் மாறும்: ஒரு நாள் பள்ளிகொண்டா, ஒரு நாள் மாதனூர், ஒரு நாள் வாலாஜா. வாசகம் மாறாது. முன்னால் சென்ற லாரி ‘திடீரென’ பிரேக் பிடித்திருக்கும், பின்னால் வந்த கார் ‘எதிர்பாராத விதமாக’ மோதியிருக்கும்.

இந்த இரண்டு சொற்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும். லாரிக்காரர் சும்மா பிரேக் பிடித்திருக்க மாட்டார். அவருக்கு முன்னால் ஒரு மாடு, ஒரு டிராக்டர், சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறிய ஒரு பைக், ஏதோ ஒன்று இருந்திருக்கும். பின்னால் வந்தவருக்கு அது தெரியாததற்குக் காரணம், லாரியின் பின்கதவை ஒட்டியே அவர் வந்ததுதான். கதவு மறைத்தது என்பதைத்தான் செய்தி ‘திடீர்’ என்கிறது.

இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு போலீஸாரும் போக்குவரத்து அதிகாரிகளும் சொல்லும் அறிவுரை ‘டிஃபென்சிவ் டிரைவிங்’ பழகுங்கள் என்பது. அது மெதுவாகப் போவதா, பயந்து போவதா, ஹாரன் அடித்துக்கொண்டே போவதா என்ற குழப்பம் பலருக்கு இருக்கிறது.

## பெயரும் பொருளும்

தமிழில் ‘தற்காப்பு ஓட்டம்’ என்று சொல்லலாம். சாலையில் மற்றவர் தவறு செய்வார் என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொண்டு, அந்தத் தவறு நடந்தாலும் மோதாமல் நிற்கவோ விலகவோ போதுமான நேரமும் இடமும் மிச்சம் வைத்து ஓட்டுவது என்பது பொருள். விதி மீறாமல் ஓட்டுவது வேறு, இது வேறு. பச்சை விளக்கில் போவது விதி. பச்சை விழுந்த பிறகும் சிவப்பை மதிக்காமல் ஒருவன் குறுக்கே வரக்கூடும் என்று வலதும் இடதும் பார்த்துவிட்டு நகர்வது தற்காப்பு.

அமெரிக்காவில் ஹெரால்ட் ஸ்மித் என்பவர் 1952-ல் இதை ஐந்து பழக்கங்களாகத் தொகுத்தார். 1964-ல் அந்நாட்டின் தேசியப் பாதுகாப்பு கவுன்சில் இதைப் பயிற்சி வகுப்பாகவே நடத்தத் தொடங்கியது. ஸ்மித்தின் ஐந்தையும் நம் வழக்கில் சொன்னால்:

1. பார்வையை பானட்டுக்கு முன்னால் ஊன்றாதே, தூரத்தில் வை.
2. சாலை, ஓரம், எதிர்த் திசை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்.
3. கண்ணை ஒரே இடத்தில் நிறுத்தாதே. கண்ணாடியையும் அடிக்கடி பார்.
4. ஒதுங்க ஒரு வழி எப்போதும் வைத்துக்கொள்.
5. நீ வருவது மற்றவருக்குத் தெரிகிறதா என்று உறுதிசெய்.

இந்தியாவிலும் இது புதிதில்லை. ரசாயனம், எரிபொருள் போன்ற அபாயகரமான சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநர்களுக்கு 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் 3 நாள் பயிற்சியைக் கட்டாயமாக்குகின்றன. அதன் பாடத்திட்டத்தில் தற்காப்பு ஓட்டம் இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வரும் டேங்கர் லாரிக்காரர் இதைப் படித்திருக்க வேண்டும் என்பது சட்டம். அவர் பின்னால் வரும் கார்க்காரரும் பைக்காரரும் படிக்க வேண்டியதில்லை. நம் ஊரில் பைக் லைசென்ஸ் என்றால் காலை ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டுவது. வண்டி கைக்கு அடங்குகிறதா என்பதை எட்டு சொல்லும். எதிரே வருபவன் என்ன செய்வான் என்று ஊகிக்கத் தெரிகிறதா என்பதை அது சொல்லாது.

## நொடிக் கணக்கு

எல்லாம் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஒரு வண்டி நிற்பதில் இரண்டு கட்டம் உண்டு. ஆபத்தைக் கண்டு, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போகும் வரை வண்டி அதே வேகத்தில் ஓடும். இது உணரும் தூரம். பிரேக் பிடித்த பிறகு நிற்கும் வரை ஓடுவது பிரேக் தூரம். உணர 1.5 நொடி, நல்ல டயர், காய்ந்த தார்ச்சாலை என்று வைத்துக்கொண்டு போட்டால் ஏறக்குறைய இப்படி வரும்:

1. 40 கி.மீ. வேகம்: உணர 17 மீட்டர், பிரேக்குக்கு 9 மீட்டர், மொத்தம் 26.
2. 60 கி.மீ. வேகம்: 25, 20, மொத்தம் 45.
3. 80 கி.மீ. வேகம்: 33, 36, மொத்தம் 69.
4. 100 கி.மீ. வேகம்: 42, 56, மொத்தம் 98.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. 40-க்கு 9, 80-க்கு 36. ஏனென்றால் ஓடும் வண்டியில் தேங்கியிருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஈரச் சாலையில் டயரின் பிடி குறைந்து, 80 கி.மீ. வேகத்தில் மொத்தத் தூரம் 95 மீட்டரைத் தாண்டிவிடும்.

இதைவிடக் கலக்கமூட்டும் கணக்கு ஒன்று உண்டு. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன. ஒன்று 60, இன்னொன்று 80. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஆட்டுமந்தையைப் பார்க்கிறார்கள். 60-ல் வந்தவர் 45 மீட்டரில் நின்றுவிட்டார். அந்த இடத்தைக் கடக்கும்போது 80-ல் வந்தவரின் வேகம் என்ன? இருபதுதானே அதிகம், இருபதில் இடிப்பார் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அந்த இடத்தில் அவர் கார் இன்னும் 65 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். உணர்வதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விட்டது, பிரேக் வேலை செய்யக் கிடைத்தது 12 மீட்டர் மட்டும்.

சரி, அந்த இருபது கூடுதலால் மிச்சமாகும் நேரம் எவ்வளவு? வேலூரிலிருந்து ஆம்பூருக்குச் சுமார் 50 கி.மீ. சீராக 80-ல் போனால் 38 நிமிடம், 100-ல் போனால் 30. எட்டு நிமிடத்துக்காக நிற்கும் தூரத்தில் 29 மீட்டரைக் கொடுக்கிறோம். அதிலும் பாதி, பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரிசையில் போய்விடும்.

## மூன்று நொடி இடைவெளி

முன்னால் போகும் வண்டி ஒரு கைகாட்டியையோ பாலத்தையோ கடக்கும்போது ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் ஒட்டிப் போகிறீர்கள். மீட்டரில் அளப்பதைவிட இது வசதி. வேகம் கூடினால் இடைவெளியும் தானாகக் கூடும். மழையிலும் இருட்டிலும் ஐந்து வரை எண்ண வேண்டும்.

உடனே வரும் மறுப்பு தெரிந்ததுதான்: “இடம் விட்டா எவனாவது உள்ள புகுந்துடுவான்.” புகுவான், உண்மைதான். புகுந்தால் காலைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி மூன்று நொடி பின்வாங்க வேண்டும். ஒருவன் புகுந்தால் நமக்கு நஷ்டம் மூன்று நொடி. ஆம்பூர் போவதற்குள் இருபது பேர் புகுந்தாலும் ஒரு நிமிடம். கௌரவக் குறைச்சலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. உண்மையில் ஒட்டிப் போவதற்கான காரணம் பெரும்பாலும் அதுதான்.

## வட ஆற்காட்டுச் சாலையில் எதை எதிர்பார்ப்பது?

‘எதிர்பார்’ என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் பயன் இல்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதன் ஆபத்துகள் உண்டு.

1. இருட்டில் நிற்கும் லாரி. டிம் விளக்கில் தெரிவது சுமார் 40 முதல் 60 மீட்டர். 80-ல் நிற்கத் தேவை 69. அதாவது விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் டாரஸ் லாரி கண்ணில் படும்போதே காலம் கடந்துவிட்டது. இதற்கு ‘விளக்கை மீறி ஓட்டுவது’ என்று பெயர் வைக்கலாம். இரவில் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம். எதிரே வண்டி வரவில்லை, முன்னாலும் வண்டி இல்லை என்றால் ஹைபீமைத் தாராளமாகப் போடலாம். தாபா வெளிச்சம் தெரிந்தால், அதற்கு முன்னும் பின்னும் வண்டிகள் நிற்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

2. நடுத்திட்டின் அரளி. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளி வளர்ப்பது எதிர்த் திசை வெளிச்சத்தை மறைக்கவும்தான். அதே அரளி, திட்டில் ஏறி நிற்கும் ஆளையும் மறைக்கும். வலது லேனில் போகும்போது, பக்கத்தில் ஊர் இருக்கிறது, ஆனால் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ இல்லை என்றால், யாரோ அந்தச் செடிக்குள்ளிருந்து இறங்குவார்கள்.

3. சர்வீஸ் ரோடும் எதிர்ப்பக்க பைக்கும். அரை கிலோமீட்டர் சுற்ற மனமில்லாமல் எதிர்த் திசையில் வருபவர்கள் இடது ஓரத்தை ஒட்டியே வருவார்கள். ஆகவே லாரியை இடப்பக்கமாக முந்தும்போது நீங்கள் நேருக்கு நேர் சந்திக்கப்போவது அவர்களைத்தான்.

4. கிளீனர் பக்கம். லாரியின் இடப்பக்கத்தை ஓட்டுநர்கள் ‘கிளீனர் பக்கம்’ என்பார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்த காலத்துப் பெயர். இப்போது பல லாரிகளில் கிளீனரே இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. வலது லேனிலேயே ஊர்ந்து போகும் லாரிகள் அதிகம் என்பதால் இடப்பக்கமாக முந்துவது இங்கே பழக்கமாகிவிட்டது. வேறு வழியில்லாமல் முந்தினாலும் லாரியின் பக்கவாட்டில் தங்கக் கூடாது. அதன் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

5. கரும்பு டிராக்டர். அரவைப் பருவத்தில் அம்முண்டி சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலைகளில் டிரெய்லரின் பின்விளக்கைக் கரும்புத் தோகை மூடியிருக்கும். வேகம் 15, 20-க்கு மேல் இருக்காது. 80-ல் வருபவருக்கு அது ஏறக்குறைய நிற்கும் சுவர்.

6. களமாகும் சாலை. அறுவடைக் காலத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் தார்ச்சாலையில் கேழ்வரகும் கொள்ளும் காயும். அதன் மேல் பைக் டயர், கோலிக்குண்டு மேல் கால் வைத்த மாதிரி. குவியலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அதன் மேல் போகும்போது பிரேக்கும் கூடாது, ஒடிப்பதும் கூடாது.

7. கிழமையும் திதியும். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை. பௌர்ணமியன்று கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குக் கிரிவலக் கூட்டம். புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள், பலர் இரவில், சாலையோரமாக. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வண்டி எடுப்பதும் தற்காப்பில் சேரும்.

8. நின்ற பஸ். டவுன் பஸ் நின்றால் அதன் முன்பக்கத்திலிருந்து ஒருவர் சாலையைக் கடப்பார். பஸ்ஸுக்கு அடியில் பார்த்தால் சில நேரம் கால்கள் தெரியும். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் கடப்பவர்களில் பாதிப்பேர் ஊருக்குப் புதியவர்கள், நோயாளியைக் கையில் பிடித்தபடி வருபவர்கள். ஹாரன் அடித்தால் ஓடுவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித் தனியாகச் சொல்லப் பெரிதாக இல்லை. குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கு முன்னுரிமை. இறங்கும்போது, எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடி விட்டுவிடும்.

## விளக்குக்கு இரண்டு அர்த்தம்

இரு வழிச் சாலையில் முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போடுகிறது. ‘நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்’ என்பது சட்டப்படி அர்த்தம். ‘எதிரே வண்டி இல்லை, ஏறிப் போ’ என்பது லாரிக்காரர்கள் சிலரின் வழக்கம். இரண்டில் எது என்று வெளியிலிருந்து சொல்லவே முடியாது. முதல் அர்த்தத்தை இரண்டாவதாக எடுத்துக்கொண்டு முந்தினால், திரும்பும் லாரியின் வயிற்றில் போய் இடிப்பீர்கள்.

ஹெட்லைட் அடிப்பதும் இப்படித்தான். சில நாடுகளில் ‘நீங்கள் போங்கள்’ என்பதற்கு அடிப்பார்கள். இங்கே ‘நான் வருகிறேன், நில்’ என்பதற்கு. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து கார் எடுப்பவர்கள் இதில் ஏமாறலாம். பிறர் கொடுக்கும் சைகையைத் தகவலாக எடுத்துக்கொள்ளலாம், அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்ச் சாலை உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் முந்துங்கள்.

## வேலூரின் இரண்டு மணி

சென்னையிலிருந்து வேலூர் சுமார் 140 கி.மீ., பெங்களூரிலிருந்து சுமார் 210. அங்கே இரவு 11 மணிக்குப் புறப்படும் வண்டிகள் இந்தப் பகுதியைக் கடப்பது ஏறக்குறைய ஒன்றரை மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில். மனித உடல் தூக்கத்துக்கு மிக அதிகமாக இழுக்கும் நேரம் இரண்டிலிருந்து ஆறு வரை. ஆக, இரு நகரங்களின் இரவுப் பயணத் தூக்கமும் வந்து சேரும் இடமாக நம் ஊரின் அமைவிடம் இருக்கிறது.

கண் நான்கு நொடி செருகினால் 80 கி.மீ. வேகத்தில் வண்டி 89 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் ஓடும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் செயல்திறனுக்கு நிகராகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் சட்டத்தில் குடிபோதைக்கான வரம்பே 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி., அதாவது 0.03. காலையில் எழுந்து நாளெல்லாம் அலுவலகத்தில் இருந்துவிட்டு, இரவு உணவுக்குப் பின் குடும்பத்தோடு காரில் புறப்படுபவர் ஒரு சொட்டும் குடிக்காமல் அந்த வரம்பைத் தாண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். ஊதச் சொல்லும் கருவி இதைக் காட்டாது.

கண்ணாடியை இறக்குவது, பாட்டைக் கூட்டி வைப்பது எல்லாம் சில நிமிடம்தான். ஒரு டீயோ காபியோ குடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் தூங்குவது ஓரளவு வேலை செய்யும், தேயிலையின் காஃபீன் ஏறவும் அவ்வளவு நேரம் ஆகும். டீ குடித்த கையோடு வண்டியை எடுப்பதில் அந்தப் பலன் இல்லை.

## இரு சக்கரத்துக்குத் தனியாக

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள். அந்த ஆண்டு ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். வார் கட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே கழன்று போகும் என்பதைத் தவிர இதில் விளக்க ஒன்றுமில்லை.

விளக்க வேண்டியது முன் பிரேக். “முன் பிரேக் பிடிச்சா தூக்கி அடிச்சிடும்” என்று சொல்லியே நம் வீடுகளில் பைக் பழக்குகிறார்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு மாறுகிறது, அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. பின் பிரேக் மட்டும் பிடிப்பவருக்கு நிற்கும் தூரம் மிகவும் நீண்டுவிடும், சக்கரமும் பூட்டிக்கொண்டு வழுக்கும். வண்டி நேராக இருக்கும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்த வேண்டும். வளைவிலும் மணலிலும் வெடுக்கென்று பிடித்தால்தான் தூக்கி அடிக்கும். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு என்று 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

## இது எங்கே உதவாது?

தற்காப்பு ஓட்டத்தைப் பேசுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாப் பொறுப்பையும் ஓட்டுபவர் தலையில் கட்டுவதற்கு இது வசதியான சொல். 2022-ல் 64,105 விபத்துகளோடு தமிழ்நாடு எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. அத்தனைக்கும் ஓட்டுபவரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதிவிட்டால் சாலை போட்டவரிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஊரை இரண்டாகப் பிளந்து ஆறு வழிச் சாலை போட்டுவிட்டு, கடக்க வழி வைக்காமல், அரளிக்குள்ளிருந்து வருபவரைக் குறை சொல்வது நியாயமில்லை. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறு உயிரை எடுக்காதபடி சாலையை அமைக்க வேண்டும் என்ற கொள்கையை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-லேயே ஏற்றது. நடந்து போகிறவருக்கு மூன்று நொடி இடைவெளியை யார் விடுவது?

லாரி ஓட்டுநரின் நிலையும் இதில் அடங்கும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது, 2025 வரை நடைமுறையில் இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு என்று அதில் இருந்தது. சரக்கு ஏற்ற வரிசையில் நிற்கும் நேரத்தை ஓய்வுக் கணக்கில் எழுதும் முதலாளிகளும் இருக்கிறார்கள். பகலெல்லாம் வெயிலில் அப்படி நின்றுவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு மாதனூரைக் கடக்கும் ஓட்டுநருக்கு உணரும் நேரம் 1.5 நொடியாக இருக்காது. மேலே போட்ட அட்டவணையை அவருக்காகத் திரும்பப் போட வேண்டும்.